மஞ்சளைக் கண்டால் திறக்கும் விரல்கள்

அவருக்குத் தொழில் முடிதிருத்துவது. இரண்டு நாற்காலி போட்ட சிறிய சலூன். வாரத்தில் ஒருநாள் கடைக்கு விடுமுறை. அன்று காலையில் மனைவியின் தம்பியோடு அம்பு எய்யப் போவார். மைத்துனர் பேருந்து ஓட்டுநர். பழைய நூல் கிடங்கின் பின்னால் இருக்கும் மைதானத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதில் வட்டங்கள் அச்சிட்ட தாளைக் குத்தி வைத்திருப்பார்கள். நடுவட்டம் மஞ்சள்.

இருவரிடமும் இருப்பது மரவில். குறிபார்க்க அதில் கருவி எதுவும் கிடையாது. நாணை மூன்று விரல்களால் வாயோரம் வரை இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு விரல்களைத் தளர்த்த வேண்டும். அந்த ஒரு கணத்தில்தான் எய்பவரின் யோக்கியதை தெரியும். அவர் சுமாராக எய்வார். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

கோளாறு எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. குறிபார்க்கையில் அம்பின் முனை மஞ்சளுக்கு நேராக வந்ததுமே விரல்கள் திறந்துகொண்டன. நாண் வாயோரத்துக்கு வந்து சேர்வதற்குள் அம்பு போயிருக்கும். அவசரம் என்று நினைத்தார். மஞ்சளுக்குக் கீழே இருக்கும் கறுப்புக் கோட்டைக் குறிபார்த்து விரல்களை ஏமாற்றினார். சில நாள் பலித்தது. பிறகு விரல்கள் கறுப்பையும் கண்டுகொண்டன.

ஒருநாள் அவர் நாணை இழுத்துக்கொண்டிருந்தபோது, வைக்கோல் அடுக்கின் பின்னாலிருந்து புல் வெட்டுபவர் ஒருவர் தலையில் புல்லுக்கட்டோடு வெளியே வந்தார்.

“நிறுத்து!” என்று மைத்துனர் கத்தினார்.

அம்பு போய்விட்டது. புல்லுக்கட்டில் செருகி நின்றது. அந்த மனிதர் கட்டை மெதுவாக இறக்கி, அதில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் மைத்துனர் கேட்டார்: “நான் கத்துனது காதுல விழலையா மச்சான்?”

“விழுந்துச்சு.”

“அப்புறம்?”

“நிறுத்தணும்னு நெனச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. கை கேக்கல.”

மறுநாள் காலை கடையில் ஒருவர் சவரத்துக்குத் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். நுரைக்குக் கீழே கழுத்து நரம்பு துடித்தது. கத்தியை விரித்தபோது அவருக்கு உள்ளங்கை குளிர்ந்தது. நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை நாம் சாதாரணமாக உணர்வதில்லை. கை நம்முடையது என்றே இருந்துவிடுகிறோம். அவருக்கு அந்த இடைவெளி தெரிந்துவிட்டது. இனி அதைத் தெரியாததாக்க முடியாது.

கத்தியை மடக்கினார். “பிளேடு சரியில்லைங்க. மெஷின்லயே எடுத்துடறேன்.”

அன்றிலிருந்து தினமும் ஒரு சாக்கு. முகத்துக்குக் கத்தி வைப்பதையே விட்டுவிட்டார். பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். வீட்டில் காய் நறுக்கும்போது மனைவி பக்கத்தில் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். படுக்கையில் வலது கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்வார்.

“அது என்ன, எந்திரிச்சு வந்து கடிக்கவா போகுது?” என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

“அப்படின்னா அந்த வில்லைத் தூக்கிப் பரண்ல போடுங்க.”

“போட்டுட்டா கை சரியாப் போச்சுன்னு எப்படித் தெரியும்?”



அடுத்த விடுமுறையில் தாளைக் கிழித்தெடுத்துவிட்டு, வைக்கோலுக்கு மிக அருகில் நின்றார். கண்ணை மூடி, நாணை வாயோரம் வரை இழுத்து, எய்யாமல் மெல்லப் பழைய இடத்துக்கே இறக்கினார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் இழுத்த நாணை அவர் எய்யாமல் இறக்கியதே இல்லை. இழுத்தால் விட வேண்டும் என்பதை மட்டுமே கைக்குப் பழக்கியிருக்கிறார். நிறுத்து என்றால் என்ன என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதன்பின் அதே வேலைதான். மணிக்கட்டால் இழுத்தபோது விரல்கள் நடுங்கின. முழங்கையைப் பின்னுக்குத் தள்ளி, பாரத்தை முதுகுக்குக் கொடுத்தபோது விரல்கள் வெறும் கொக்கியாக நின்றன.

“இப்படியே போனா வைக்கோலுக்கே கொட்டாவி வந்துடும் மச்சான்,” என்றார் மைத்துனர். கேலி செய்தாலும் ஒவ்வொரு வாரமும் வந்தார். பின்னால் நின்றுகொண்டு, இழுத்து முடித்ததும் ‘விடு’ என்றோ ‘இறக்கு’ என்றோ சொல்வது அவர் வேலை. முதலில் ‘இறக்கு’ என்ற சொல்லுக்கும் அம்பு வைக்கோலில் பாய்ந்தது. நாளாக ஆக, அந்தச் சொல்லுக்கு நாண் இறங்கத் தொடங்கியது.

மழைக்காலம் முடிந்தபோது பழைய தூரத்துக்குப் போனார். தாளும் மாட்டியாயிற்று. முனை மஞ்சளுக்கு வந்தது. விரல்கள் பழையபடி திறக்கத் துடித்தன. இறக்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருமுறை அடங்கிய கை மறுமுறையும் அடங்கும் என்பதற்கு யார் உத்தரவாதம் தருவார்கள்? அவருக்கு அந்தக் கேள்விதான் மிஞ்சியது.

“நாளைக்கு நான் கடைக்கு வரேன். கத்தியாலயே எடு,” என்றார் மைத்துனர்.

“வேணாம்டா. விளையாடாத.”

“வேற யார் கழுத்தை நீட்டுவா? அக்கா புருஷனுக்கு மச்சினன்தானே நீட்டணும்.”

சொன்னபடி காலையில் வந்து உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நுரை பூசியதும் மைத்துனர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். கன்னம் முடிந்தது. கத்தி தாடைக்குக் கீழே இறங்கியது. இருவரில் யார் மூச்சு என்று பிரித்தறிய முடியாத ஒரு மூச்சுச் சத்தம் அங்கே கேட்டது.

“நில்லு.”

பல்லைக் கடித்தபடி, உதடு அசையாமல் சொன்னார் மைத்துனர். கத்தி தோலின் மேல் அப்படியே நின்றது. முடிதிருத்துபவர் அதை மெதுவாக விலக்கினார்.

“என்னடா?”

“எச்சில் முழுங்கணும்.”

முழுங்கினார். கழுத்து மேலே ஏறி இறங்கியது. பிறகு மறுபடி தலையைச் சாய்த்தார். கண்ணை மட்டும் மூடவில்லை.

“ம். மீதியையும் எடு.”