எட்டுச் சிரட்டையும் இரண்டு கொட்டையும்

இரண்டு மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் மீன் குழம்புக்குப் பழப்புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பிழிந்த கோதையும் கொட்டையையும் குப்பை வாளிக்குள் போட்ட நேரம், குசினி வாசலில் கதிரை போட்டிருந்து வீட்டுவேலை செய்த மகள் மதுரா கொப்பியைத் தூக்கிக் காட்டினாள். ஐம்பத்திரண்டில் இருந்து இருபத்தேழைக் கழித்து முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள்.

"எப்பிடியடி முப்பத்தைஞ்சு வந்தது?"

"ஏழில ரெண்டு போனா அஞ்சு. அஞ்சில ரெண்டு போனா மூண்டு."

"ரெண்டில இருந்தெல்லோ ஏழு போகவேணும்?"

"பெரிசில இருந்துதான் சின்னனைக் கழிக்கலாம். ரீச்சர் சொன்னவா."

ரீச்சர் சொன்னால் முடிந்தது. அதற்குமேல் நான் யார்? பெற்ற தாய், அவ்வளவுதான். கொப்பியை மூடிவிட்டு அவள் தானாகவே சொன்னாள்: "எனக்குக் கணக்கு ஏறாதாம் அம்மா. அடுத்த தவணை பின்வாங்குக்குத்தானாம்."

பின்வாங்கு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மதுரா நாலாம் வகுப்பு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் சோதனை. அதில் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வாங்கித் தரக்கூடிய பிள்ளைகள் முன்வரிசை வாங்கில் இருப்பார்கள். கடைசி வரிசையான பின்வாங்கு 'மெல்லக் கற்போருக்கு'. அங்கே போன ஒரு பிள்ளை திரும்பி முன்னுக்கு வந்ததை நான் கண்டதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை வகுப்பில் இருந்தே கழித்துவிடுகிறார்கள். அந்தக் கழித்தலில் மட்டும் ஒருநாளும் பிழை விடமாட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் குப்பை வாளிக்குள் கையை விட்டுக் கொட்டைகளைத் திரும்ப அள்ளினேன். ஈரப் புளியங்கொட்டைக்கு ஒரு மணம் உண்டு. புளிப்பும் மண்ணும் கலந்த மணம். உங்களுக்கு அது குழம்பை நினைவூட்டலாம். எனக்கு அது கணக்குப் பாடம்.

நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து மாங்குளத்துக்கு உள்ளே காட்டோரம் இருந்த காலம். பள்ளிக்கூடம் என்பது ஒரு கிடுகுக் கொட்டில். கொப்பி இல்லை, வெண்கட்டி இல்லை. பொற்காலம் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். மழைக்கு ஒழுகும், பாம்பு வரும், எங்கள் ரீச்சருக்கு மூக்குநுனியில் கோபம். காதைத் திருகினால் பின்னேரம் வரைக்கும் சுடும். ஆனால் அந்த மனிசி வீட்டுக்கு வீடு புளியங்கொட்டை கேட்டு வாங்கி ஒரு பால்மாத் தகரப் பேணி நிறைய வைத்திருந்தா. பக்கத்தில் ஒரு கடகம் நிறையத் தேங்காய்ச் சிரட்டை. பத்துக் கொட்டை சேர்ந்தால் ஒரு சிரட்டை. எண்பத்திரண்டு என்றால் எட்டுச் சிரட்டையும் வெளியே இரண்டு கொட்டையும்.

சிக்கல் என்னவென்றால், புளியங்கொட்டையை வறுத்துத் தின்னலாம். எங்களுக்கோ எந்த நேரமும் பசி. வறுத்துக் கோதுடைத்து வாய்க்குள் போட்டால் ஒரு பாடம் முழுக்க மெல்லலாம். ஆகவே வகுப்பே சேர்ந்து கணக்கைத் தின்றது. இதில் தலைமைக் கள்ளி என் சிநேகிதி யோகா. சட்டைப் பை, தலைப்பின்னல், எங்கே கொட்டை வைப்பாள் என்று சொல்லமுடியாது.

ரீச்சர் காலையில் வந்து சிரட்டைகளை எண்ணச் சொல்லுவா. ஒருநாள் எண்ணினோம். நேற்று எண்பத்திரண்டு. இன்றைக்கு அறுபத்தைந்து.

"மிச்சம் ஆற்றை வயித்துக்கையடி?"

எல்லோரும் குனிந்து சிரட்டைகளைப் பார்த்தோம்.

"சரி, கள்ளரைப் பிறகு பாப்பம். எத்தினை களவு போனது? யோகா, நீ வந்து செய்து காட்டு. வெளியில ரெண்டு கொட்டைதானே கிடந்தது. ஏழை எப்பிடி எடுத்தனி?"

யோகா முழித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஒரு சிரட்டையைக் கவிட்டுத்தான் ரீச்சர்."

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. ரீச்சரும் சிரித்தா, சிரித்துக்கொண்டே காதைத் திருகினா. ஆனால் எனக்கு அன்றைக்கு விளங்கியது இன்றைக்கும் மறக்கவில்லை. இரண்டில் இருந்து ஏழு போகாது, ஒரு பத்தைக் கவிழ்க்க வேண்டும். பிறகு நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூட்டை மூட்டையாகச் சாமான் கணக்குப் பார்த்தபோதும், தலைக்குள் சிரட்டைதான் கவிழ்ந்தது.

அன்றைக்கு மதுராவுக்கும் அதையே செய்தேன். கொட்டையைக் கழுவினேன், புளிச் சாடிக்குள் இருந்தும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தேன், அடுப்படியில் கிடந்த சிரட்டைகளில் பத்துப் பத்தாகப் போட்டு ஐம்பத்திரண்டு வைத்தேன். "இருபத்தேழைக் களவெடு பாப்பம்" என்றேன். வெளியே கிடந்த இரண்டு கொட்டையையும் எடுத்தாள். பிறகு ஒரு சிரட்டையைக் கவிழ்த்தாள். "இருபத்தைஞ்சு அம்மா!" என்று கத்தியதில் நாய் எழும்பி ஓடியது. குழம்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது கூத்தைக் கேளுங்கள். மதுராவின் வகுப்பு ரீச்சர் வேறு யாருமில்லை, அதே யோகாதான். அவளுடைய கதிரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பிளாஸ்ரிக் எண்கட்டைகள். ஒன்றுக்குச் சின்னக் கட்டை, பத்துக்கு நீளக் கட்டை, நீலமும் மஞ்சளுமாக. சுற்றி வந்த பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. அலுமாரிக்குப் பூட்டு.

"ரீச்சர், இதைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறேல்லையோ?" மற்றவர்கள் நின்றபடியால் ரீச்சர் என்றேன்.

"ஒண்டு துலைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லவேணும். கல்வி வலயத்தில இருந்து ஆக்கள் பாக்க வந்தால் திறப்பம்."

"அப்ப மதுரா சிரட்டை கொண்டு வரட்டோ? வீட்டில சரியாச் செய்யிறாள்."

"சோதனை மண்டபத்தில சிரட்டை குடுப்பினமோ? பிள்ளையைக் குழப்பாதேங்கோ. கெதியாச் செய்யப் பழக்குங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய், "எடியே, நீ கழித்தல் பழகினது களவெடுத்தெல்லோ?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். உடனே வாசலைப் பார்த்துவிட்டு, "மெல்லக் கதையடி, பிள்ளையளுக்குக் கேக்கப்போகுது" என்றாள். அவ்வளவுதான். அலுமாரிப் பூட்டின் திறப்பு அவளுடைய கைப்பைக்குள் இருந்தது, அங்கேயே இருந்தது.

தவணைச் சோதனையில் மதுரா கழித்தல் கணக்கெல்லாம் சரியாகச் செய்தாள். ஆனால் மெதுவாக. ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சிரட்டை கீறிக் கீறிச் செய்ததில் கடைசிப் பக்கம் தொடாமல் போனது. பின்வாங்குக்குப் போட்டுவிட்டார்கள்.

போன கிழமை வலயத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அலுமாரி திறந்தது. பொலித்தீன் கழன்றது. கட்டைகளை முன்வாங்குப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

"உங்களுக்குத் தரேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நாங்கள் கை கட்டிக்கொண்டு இருந்தனாங்கள். பிறகு ரீச்சர் எல்லாத்தையும் எண்ணிப் பாத்திட்டு ஒண்டும் குறையேல்லை எண்டு சந்தோசப்பட்டவா" என்றாள் மதுரா.

எங்கள் கொட்டிலும் இல்லை, அந்தக் காடும் இல்லை. அதற்காக நான் அழப்போவதில்லை, ஒழுகின கொட்டில்தானே. ஆனால் அங்கே தினமும் ஏதாவது குறைந்தது. குறைந்ததைத்தான் நாங்கள் படித்தோம்.

பின்னேரம் ஒரு பிடி கொட்டை வறுத்துக் கோதுடைத்து அவளுக்குக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டாள்.

"சீ அம்மா, இதையோ களவெடுத்தனீங்கள்?"

மிச்சக் கொட்டைகள் பேணிக்குள் குசினித் தட்டில் கிடக்கின்றன. களவெடுக்க ஆளில்லை.