பிராக் வரை போன நெத்திலி

மேல்படிப்புக்காகப் பானு போர்ட் பிளேரை விட்டுக் கிளம்பிய காலையில், அவள் அப்பா ராஜமாணிக்கம் அவள் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை வைத்தார். என்ன இது என்று கேட்டாள். நெத்திலிக் கருவாடு, ஒரு கிலோ, மத்திய அந்தமானில் ரங்கத் ஊரிலிருந்து மரகதம் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியது, அவள் மகன் அஸ்வினுக்கு என்றார். அஸ்வின் இருப்பது பிராகில், தான் போவது ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு, அது வேறு நாடு என்றாள் பானு.

"தெரியும். மேப்புல விரல் வச்சுப் பாத்துட்டேன். ரங்கத்துலேர்ந்து டிக்லிபூர் போற தூரம்தான்."

"நான் என்ன போஸ்ட்மேனாப்பா?"

"போஸ்ட்மேன்னா சம்பளம் குடுக்கணும்ல," என்று ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு இன்னொரு காரியமும் கேட்டார். வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு ஏறினாள் பானு.

எரிச்சல் என்னவென்றால், அந்தத் தூரக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது.

ராஜமாணிக்கம் இருபத்தாறு வருடம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர். எந்தக் கப்பலில் யார் சென்னைக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் குடியிருந்த மரைன் ஹில் பகுதியில் அவருக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தபின் யாரையும் வெறுங்கையோடு போகவிட்டதில்லை. ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை, ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தைத்த ரவிக்கை என்று எல்லாமே முன்பின் தெரியாதவர்களின் பெட்டிகளில் கடல் கடந்தன. பயணம் போகிற ஆள் பாதி ஊருக்குச் சொந்தம் என்பது அவர் கட்சி. அவரே மெயின்லேண்டுக்குப் போனது மூன்று முறைதான். பானு பள்ளிச் சுற்றுலா போனபோதுகூட மடியில் யாருடைய மிக்சி ஜாரோ இருந்தது.

டிரெஸ்டனில் கருவாடு ஐந்து மாதம் விடுதி ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கட்டடக்கலைப் பாடத்துக்காகப் பிராகின் பழைய நூலகம் ஒன்றின் விதானத்தைப் பார்த்து வரைய வேண்டியிருந்தது. மறுநாள் முதல் பராமரிப்புக்காக அதை மூடுகிறார்கள். திறப்பதற்குள் அவள் கட்டுரை சமர்ப்பிக்கும் நாள் போய்விடும். அவளுக்குக் கிடைத்தது பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே விடும் கடைசி அனுமதி. அதற்குள் பொட்டலத்தைக் கைமாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

பத்து மணிக்குக் கடிகாரச் சதுக்கத்துக்கு வருவதாக அஸ்வின் சொல்லியிருந்தான். கடிகாரம் பத்தடித்தது, பதினொன்றும் அடித்தது. வேலை முடியவில்லை, பாலத்துக்கு வாருங்கள் என்று செய்தி வந்தது. பாலத்தில் கற்சிலைகளுக்குக் கீழே ஊரே படம் எடுத்துக்கொண்டிருக்க, பானு பையை அணைத்தபடி நின்றாள். டிராமில் ஒரு பெரியவர் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். குன்றின்மேல் இருக்கும் நூலகத்துக்கே ஒரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றது அடுத்த செய்தி. கல் பாவிய மேட்டில் ஏறியதுதான் மிச்சம், ஒரு மணிக்கும் அவன் வரவில்லை.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பை வைக்கும் இடத்தில் இருந்த பெண்மணி குனிந்து முகர்ந்தாள். மீன் என்று பானு ஆங்கிலத்தில் சொன்னாள், ஜெர்மனிலும் சொன்னாள். அந்தப் பெண்மணி மிக மரியாதையாக வாசலைக் காட்டினாள். வெளியே ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. பானு பொட்டலத்தை அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது.

"குடுத்தாச்சா?" என்றார் அப்பா.

"குப்பையில போடப் போறேன்."

"போடு. போட்டுட்டு மரகதத்துக்கு நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிடு. டீக் ஹை?"

மணி இரண்டடித்தது. கதவைச் சாத்தினார்கள்.

இருபது நிமிடம் கழித்து, உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் சைக்கிளில் அஸ்வின் வந்தான். மூக்குவரை மஃப்ளர். அவள் நாள் முழுவதும் சேர்த்துவைத்திருந்த வசவைத் தொடங்குவதற்குள், பொட்டலத்தை வாங்கி, மஃப்ளரை இறக்கி முகர்ந்து சிரித்துவிட்டான். மேல்வரிசையில் முன்பல் மூன்று இல்லை. உதட்டிலிருந்து தாடைவரை தையல் தழும்பு.

அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். நாலு வருடத்துக்கு முன் உறைபனியில் சைக்கிள் சறுக்கியது என்றான். "அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. இத சொல்லிடாதீங்க."

விதானமும் போயிற்று, திட்டவும் முடியவில்லை.

டிரெஸ்டன் பஸ் புறப்படும்போது அப்பா மறுபடி கூப்பிட்டார். ரங்கத்திலிருந்து மரகதமும் அதே அழைப்பில் காத்திருந்தாள். கிளம்பிய காலையில் டாக்ஸி ஹாரனுக்கு நடுவே அப்பா கேட்டதும், அவள் காதில் வாங்காமல் சரி என்று சொல்லிவைத்ததுமான அந்தக் காரியம் இப்போது ஒரு வார்த்தை விடாமல் நினைவுக்கு வந்தது.

"வேற யார்கிட்டயும் குடுத்துடாதம்மா, அவன் கையிலயே குடு. ஃபோன் கேமரா கெட்டுப்போச்சுன்னே நாலு வருஷமா சொல்லிட்டு இருக்கான். அவன் பேசுறதெல்லாம் மரகதம் தினம் கேக்குறா, அது வேண்டாம். நீ அவன் மூஞ்சியப் பாரு. பாத்தத அப்படியே வந்து சொல்லு."