எழுபது வளைவுக்கு முன் போன வாய்ஸ் மெசேஜ்

இனி எங்களோடு இருக்கட்டும் என்று கணவர் சொன்னதால், அவருடைய அம்மாவை அழைத்துவர இன்று கொல்லிமலைக்குப் பஸ் ஏறினேன்.

காரவள்ளியில் தோழிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "அத்தை எங்கூட்டோட வந்து இருக்கறது எனக்குப் புடிக்கலைடி. அவங்க மனசு நோகாம எப்படிச் சொல்றது?"

முதல் வளைவில்தான் பார்த்தேன். அது அத்தையும் இருக்கும் குடும்பக் குரூப்புக்குப் போயிருந்தது. அழிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. எழுபது வளைவும் டெலீட்டை அழுத்திக்கொண்டே போனேன்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் அத்தை கையில் போனோடு வாசலில் நின்றார். பக்கத்தில் துணி அடுக்கிய பை.

"மொளகு இன்னும் பறிக்கோணும் கண்ணு. நான் பொறவு வாரேன்."

பறித்த மிளகெல்லாம் அவர் காலடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மனசு நோகாமல் எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எந்த முகத்தோடு அவரைக் கூப்பிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுத்தில் மட்டும்.