எழுத்து போட்டதும் எழுந்துகொள்பவர்

"பல்லாவரம் ரிட்டனா?"

கேட்டவர் கவுண்டருக்கு உள்ளே இருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் இன்னும் வாயையே திறக்கவில்லை. நாகலக்ஷ்மிக்கு அதெல்லாம் தேவையில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் பன்னிரண்டு வருஷமாக டிக்கெட் கொடுக்கிறார். முகத்தைப் பார்த்தாலே ஊர் தெரியும் என்பார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மற்ற இரண்டு பேர் தப்பான ஊருக்குப் போகிறார்கள் என்பது அவர் கட்சி.

முப்பத்தெட்டு வயது. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாது என்று சித்திரை வெயிலிலும் காதில் பஞ்சு. டிபன் பாக்ஸில் என்றைக்கும் எலுமிச்சை சாதம். "ஒருத்திக்கு எதுக்கு சார் கொழம்பு, ரசம்னு அமர்க்களம்?" என்பார். இரும்புலியூரில் இரண்டு அறை வீடு, அதில் அவர் மட்டும். செல்போன் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமையானால் அதை அணைத்துக் கைப்பையின் அடியில் போட்டுவிடுவார். ஏதோ அம்மன் விரதம் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நான் மரியாதையாக இருந்தேன்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது. போன வருஷம், இரண்டாயிரத்து ஏழில், கவுண்டரில் கை நீட்டியபோது என் சாவிக்கொத்தில் தொங்கிய பொம்மையைப் பார்த்துவிட்டார். ஜப்பான் கார்ட்டூன் படம் ஒன்றில் வரும் பறக்கும் எந்திரம் அது. டிக்கெட்டைத் தள்ளிவிட்டு, "புதுப்படத்து கோஷ்டியா? வெளங்கிடும்" என்றார். எனக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள்! இணையத்தில் அந்தப் படத்து ரசிகர்கள் கூடும் பக்கத்தில் 'விளக்கு' என்ற பெயரில் இதே வார்த்தைகளால் எங்களை வறுத்தெடுக்கும் ஆசாமி இவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கல்லூரிப் பையன் என்று நினைத்திருந்தேன்.

படத்தின் கதை இவ்வளவுதான். சயோ என்ற பெண் ஒரு தீவின் ரயில் நிலையத்தில் விளக்கேற்றுகிறவள். அவள் தம்பி எந்திரத்தில் ஏறிப் போருக்குப் போகிறான். பழைய படத்தில், யாரும் இறங்காத பிளாட்பாரத்தில் அவள் விளக்கோடு நிற்பதோடு முடியும். புதிதாக எடுத்ததில் தம்பி திரும்பி வருகிறான். மழை, கட்டிப்பிடித்து அழுகை, வயலின், எல்லாம் உண்டு. நான் இரண்டு தடவை அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம். ஆனால் சனிக்கிழமைதோறும் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாகலக்ஷ்மி தட்டுவது ஒரே வாதம்: அவன் வரக் கூடாது. வந்தால் படம் கெட்டது.

"பழசுலயும் வர்றானே மேடம். கடைசியா, பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் ஒரு நிமிஷம் வருமே" என்று ஒருநாள் நேரிலேயே கேட்டேன்.

"அது பின்னால எவனோ ஒட்டவெச்சது சார். ஒரிஜினல்ல கிடையாது. எங்கிட்ட டேப் இருக்கு. தொண்ணூத்தாறுல எங்க கேபிள்காரர் போட்டப்ப ரெக்கார்ட் பண்ணது. நூறு தடவை பார்த்திருக்கேன்."

"வந்தாதான் என்ன? பாவம், அந்தப் பொண்ணு எத்தனை நாள் நிக்கும்?"

அவர் காதுப் பஞ்சை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டார். "என் தம்பி குணா மஸ்கட்ல இருக்கான். ஏழு வருஷமாச்சு. அம்மா போனப்ப வரலை. லீவு இல்லையாம். இப்ப மட்டும் வெள்ளிக்கிழமை லீவுன்னு போன் பண்ணுவான், வரேங்க்கா வரேங்க்கான்னு. வராதவங்க வராமலே இருக்கட்டும். சயோவுக்கு அது தெரியும். அதான் அந்தப் படம் நல்ல படம்."

விரதம் என்னவென்று எனக்குப் புரிந்தது. பிறகு அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விடாப்பிடியாக எடுத்தவன் பிரசன்னா. படப்பையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எங்கள் இணையப் பக்கத்து மூன்றாவது பைத்தியம். "சும்மா பேசிக்கினே கீறதுல இன்னா யூஸு? அக்கா, டேப்ப எட்த்துகினு வா. கடையில டெக்கு கீது. போட்டுப் பாத்துடலாம்" என்றான். நாகலக்ஷ்மிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் அந்த வெள்ளி மத்தியானம் நான் அலுவலகத்துக்கு மட்டம் போட்டேன்.

டேப்பைப் பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உறையில் தம்பியின் கோணல் கையெழுத்து: 'அக்கா படம். அழிக்காதே.' கழற்றிப் போட்ட டிவிகளுக்கு நடுவே மூன்று முக்காலி. படத்தின் ஓரங்கள் வெளுத்திருந்தன, நடுநடுவே கோடு விழுந்தது. ஆனாலும் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவர் உதடு அசைந்தது. கடைசியில் சயோ பிளாட்பாரத்தில் நின்றாள். திரை கறுத்து ஜப்பானியப் பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன.

அவர் உடனே எழுந்தார். புடவையைத் தட்டினார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பார்த்தீங்களா? அவ்ளோதான்" என்று டெக்கை நிறுத்தக் கை நீட்டினார். தியேட்டரில் எழுத்து போட்டதும் செருப்பைத் தேடுவோமே, அப்படி. பன்னிரண்டு வருஷமாக, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் அவர் நிறுத்தியிருக்கிறார். நிறுத்திவிடட்டும் என்றுகூட நினைத்தேன்.

"இன்னாக்கா, எழுத்து போட்டதும் எழுந்துகினே? குந்து, டேப்பு ஓடிக்கினுதானே கீது" என்றான் பிரசன்னா.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார். பெயர்கள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு திரை வெளுத்தது. அதே பிளாட்பாரம். ஒரு ரயில் போகிறது. அது போன பிறகு, எதிர்ப்பக்கம் தோளில் பையோடு ஒருவன் நிற்கிறான். சயோ விளக்கை உயர்த்துகிறாள். மழை இல்லை, வயலின் இல்லை. சட்டென்று கேபிள்காரரின் நகைக்கடை விளம்பரம் வந்தது, ஒரு வினாடியில் அதுவும் அறுந்து புள்ளிப் புள்ளியாகக் கொட்டியது.

புதுப்படத்தைவிட இது எவ்வளவோ மேல். பழசுதான் நல்ல படம் என்ற அவர் கட்சி ஜெயித்தது, அவன் வரக் கூடாது என்பதுதான் தோற்றது. பிரசன்னா டேப்பை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"குணாதான் ரெக்கார்ட் பண்ணான்" என்றார் நாகலக்ஷ்மி, உறையைப் பார்த்தபடி. "எழுத்து போட்டதும் நான் அடுப்படிக்குப் போயிட்டேன். அவன் கடைசிவரைக்கும் உக்காந்திருக்கான். சனியன், ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க."

தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், நடுவில் டேப், இந்தப் பக்கம் நான். முடிச்சூர் தாண்டியது. பிறகு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, கைப்பையின் அடிவரை துழாவிச் செல்போனை எடுத்தார். பொத்தானை அழுத்திப் பிடித்தார். மெல்லிய இசையோடு அது விழித்துக்கொண்டது. அழைப்பு எதுவும் வரவில்லை. அவரும் யாரையும் கூப்பிடவில்லை. அதைத் திரும்பப் பைக்குள் போடவும் இல்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதன் பச்சை வெளிச்சம் மங்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டி, அணையாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.