கையால் திருத்த வேண்டாம்

எங்கள் கம்பெனி வேனின் முன் பக்கத்தில், டிரைவரை விட்டால், இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் முழுக்கத் தராசுப் பெட்டிகள். ஆகவே எந்தத் தோட்டத்துக்குத் தராசு பூட்டப் போனாலும் அக்காவும் நானும்தான் போவோம். ஜன்னலோரம் அக்கா, நடுவில் நான். அந்த நடு சீட்டு குறுகலானது, கியர் முழங்காலில் இடிக்கும், வெயிலுக்கு எஞ்சின் சூடு காலில் ஏறும். அதை யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டி வரும் என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர். படித்து, வரக்காப்பொல கடைவீதியில் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு நானும் படித்து அங்கேயே போய்ச் சேர்ந்தேன். வேறு இடத்தில் வேலை தேடினாயா என்று வீட்டில் கேட்டார்கள். தேடவில்லை. அக்கா இருந்த இடம் எனக்குப் போதுமாக இருந்தது.

தேயிலைக் கொழுந்தும் ரப்பர் பாலும் நிறுக்கும் மின் தராசுகள் செய்கிறோம். கழிவுக் கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஈரக் கொழுந்துக்கு இவ்வளவு கழி, சாக்குக்கு இவ்வளவு கழி என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குத் துரை ஒரு சட்டம் வைத்திருப்பார்கள். அதற்காக அக்கா சின்னதாக ஒரு கணினி மொழியே உண்டாக்கினார். தோட்டத்துச் சட்டத்தை அந்த மொழியில் நாலைந்து வரிகளில் எழுதிவிடலாம். தராசுக்குள் இருக்கும் இன்டர்பிரிட்டர் அதை ஒவ்வொரு வரியாகப் படித்து, சொன்னபடி செய்யும்.

ஆனால் அந்த இன்டர்பிரிட்டரை முதலில் யாராவது எழுப்ப வேண்டும். சுவிட்சைப் போட்டதும் நினைவகத்தில் இடம் பிடித்து, நிறை பார்க்கும் பாகம், பிரிண்டர், தமிழ் எழுத்து, சிங்கள எழுத்து என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்த்து, அதற்குப் பிறகுதான் வேலையை அதன் கையில் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டு மாதிரிதான். அங்கே பேர் கூப்பிடாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. இந்தத் தொடக்க நிரல்தான் என் வேலை. ஒரு தோட்டத்துக்குப் பிரிண்டர் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. அதனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாக, என் கையால் எழுதுவேன். அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிளேன்டீயை ஊதியபடி பார்த்துக்கொண்டிருப்பார். "நீ எழுப்பாட்டி நான் செஞ்சது தூங்கிக்கிட்டே கெடக்கும்டி" என்பார். அந்த ஒரு பேச்சுக்காக நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்திருப்பேன்.

அப்போதுதான் அவள் வேலைக்கு வந்தாள். வரக்காப்பொலவிலேயே பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். நெற்றியில் திருநீறு, தண்ணீர் ஓடுகிற மாதிரி சிங்களம். வந்த வாரமே அக்காவைப் 'பெரியக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்படியானால் நான் யார்? சின்னக்கா. இத்தனை காலம் அந்த ஆபீசில் எனக்குப் பெரிது சின்னது என்று எதுவும் இருக்கவில்லை. ஒரே வார்த்தையில் என்னை ஒரு படி கீழே இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

குருவிட்ட பக்கம் ஒரு தோட்டத்துக்கு அவசரமாகத் தராசு கேட்டார்கள். வழக்கமாகப் பழைய கோப்பைப் பிரதி எடுத்து மாற்றுவேன். அன்றைக்கு நேரமில்லை என்று எல்லாவற்றையும் புதிதாகவே அடித்தேன். பிரிண்டரைக் கூப்பிட மறந்துவிட்டேன். தராசு ஓடியது, நிறை அச்சடித்த துண்டு வரவில்லை. துண்டு இல்லாமல் கொழுந்தைக் கொடுக்க மாட்டோம் என்று பெண்கள் சாக்கோடு நின்றுவிட்டார்கள். நியாயம்தானே. நாங்கள் திரும்பி வந்ததும் எங்கள் கம்பெனி முதலாளி சேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"இத ஏன் மனுசர் எழுதணும்? எழுதுறதுக்கு ஒரு புரோகிராம் எழுதிரலாமே" என்றாள் அவள்.

எழுதியும் விட்டாள். தோட்டத்தில் என்னென்ன பாகம் இருக்கிறதென்று திரையில் தொட்டுக் காட்டினால் போதும். தொடக்க நிரல் முழுவதையும் அவளுடைய புரோகிராமே எழுதிக் கொடுக்கும். ஒன்றும் விடுபடாது. சேர் மேசையைத் தட்டி "எலகிரி நங்கி, எலகிரி!" என்றார். பிரமாதம் தங்கச்சி என்று அர்த்தம். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது, எனக்கு அது ஒரு தடவையும் கிடைத்ததும் கிடையாது. அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனார். பிளேன்டீயோடு. எனக்குக் காதில் புகை வந்தது.

அந்தப் புரோகிராம் எழுதித் தரும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வரி இருந்தது: 'இது நிரல் எழுதிய கோப்பு. கையால் திருத்த வேண்டாம்.' எல்லா ஊரிலும் இப்படித்தான் எழுதுவார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. என் கையைத் தவிர வேறு யாருடைய கை அந்தக் கோப்பில் பட்டிருக்கிறது?

பிழை தேடினேன். மறைப்பானேன், கொண்டுபோய்ச் சேரிடம் காட்டத்தான். பேன் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். பிழை கிடைக்கவில்லை. கிடைத்தது நான்தான். நிறை பார்க்கும் பாகத்தை எழுப்பியதும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நான் வைத்த இடைவெளி அப்படியே இருந்தது. என் பழைய கோப்பை அச்சாக வைத்துத்தான் அவள் புரோகிராம் எழுதுகிறது. அதற்கும் மேலே, 'கையால் திருத்த வேண்டாம்' என்பதற்கு நேர் கீழே, என் ஜெபம்.

முதல் தராசு எத்தனை நாள் பாடுபட்டும் ஓடாமல் கிடந்தபோது, வெறுத்துப்போய்க் கோப்பின் தலையில் 'ஆண்டவரே, இன்றைக்காவது ஓடட்டும்' என்று ஒரு குறிப்பு வரி போட்டிருந்தேன். குறிப்பு வரியை மெஷின் படிக்காது, தாண்டிப் போய்விடும். அன்றைக்கு ஓடியது. பிறகு கோப்பைப் பிரதி எடுக்க எடுக்க ஜெபமும் கூடவே தோட்டம் தோட்டமாகப் போனது.

"இத ஏன் எடுக்கல?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்துபோனது. "எடுத்தா ஓடாதோன்னு பயமா இருந்துச்சு சின்னக்கா. ஒங்க ஃபைல் எல்லாத்தயும் பார்த்தேன். பிரிண்டர் ஓடாத அந்த ஒண்ணுல மட்டுந்தான் இந்த வரி இல்ல."

அவசரத்தில் புதிதாக அடித்ததில் ஜெபமும் விட்டுப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளோடு சேர்ந்து சிரிக்க எனக்கு மனமில்லை.

அதே குருவிட்ட தோட்டத்துக்கு அடுத்த தராசு போக வேண்டியிருந்தது. லேப்டாப்பைக் கொண்டுபோய் அங்கேயே கோப்பை எழுத வைக்கலாம், ஆகவே இவளே போகட்டும் என்றார் சேர். நான் அக்காவைப் பார்த்தேன். "ஒரு தடவ அவளும் பார்க்கட்டுமே" என்றார் அக்கா, வெகு சாதாரணமாக.

அவர்கள் புறப்படுவதற்கு முன்பே அவள் லேப்டாப்பில் அச்சாக இருந்த கோப்பைத் திறந்து என் ஜெபத்தை அழித்தேன். என் வரி, நான் எடுத்தேன். என் சீட்டில் போகிறவள் என் ஜெபம் இல்லாமல் போகட்டும். மெஷினுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லையென்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் நின்றுபோனால் நல்லாயிருக்குமே என்று ஒரு ஆசை இருந்தது. வேன் எங்கள் ஊர் கரவனெல்ல வழியாகத்தான் போகும். பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் அக்காவும் நானும் எப்போதும் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் சாப்பிடுவோம். இந்நேரம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து அன்று காலை ஒரு வேலையும் ஓடவில்லை.

பிறகு அவளிடமிருந்து போன் வந்தது.

"சின்னக்கா, அந்த வரிய காணோம்."

"எந்த வரி?"

"ஒங்க ஜெபம். இன்னும் சுவிட்ச் போடல. பொம்பளைங்க எல்லாம் சாக்கோட நிக்கிறாங்க. எனக்குக் கை வரல."

"அது கமெண்ட்டுடி. மெஷின் அத படிக்கவே படிக்காது."

"தெரியும். ஆனாலும் சொல்லுங்களேன், நான் இங்கயே அடிச்சுக்கிறேன்."

"கையால் திருத்த வேண்டாம்னு நீதானே எழுதி வச்ச?"

"இந்த ஒருவாட்டி சின்னக்கா."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "சொல்லிக் குடேண்டி, எல்லாம் பார்த்துக்கிட்டு நிக்குதுங்க." அத்தனை பேரையும் கொஞ்ச நேரம் எனக்காக நிற்க வைத்தேன். பிறகு சொன்னேன். "ஆண்டவரே, இன்றைக்காவது ஓடட்டும்." அவள் அடிக்கிற சத்தம் போனில் கேட்டது. ஓடட்டும் என்று வாய்தான் சொன்னது. மனசு இன்னும் அதன் பழைய ஆசையிலேயே நின்றது.

ஓடியது. தராசு கீச்சென்றது, துண்டு வந்தது போலிருக்கிறது, பெண்கள் கலகலவென்று பேசினார்கள். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரின் தோளில் தட்டிக்கொண்டுதான் அப்படிச் சிரிப்பார்.

போனை வைக்கப் போகும்போது அவள் கேட்டாள்: "சின்னக்கா, போகும்போது கட பூட்டியிருந்துச்சு. வர்ற வழியில பெரியக்கா ரொட்டி சாப்பிட நிப்பாட்டலாம்னாங்க. ஒங்களுக்கும் வாங்கிட்டு வரவா?"

என் ஊரில், என் கடையில், என் சீட்டிலிருந்து இறங்கிப்போய், எனக்கு ரொட்டி வாங்கி வரட்டுமாம்.

"ரெண்டு வாங்கு" என்றேன். "சம்பல கூடுதலா வைக்கச் சொல்லு."