கரும்புப் பெட்டியில் போன பந்தயக் கார்

விளக்கெண்ணெய் கருகும் வாடை எங்கேயாவது வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், எனக்கோ பசிக்கும். எழுபதுகளின் நடுவில், கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் அந்த வாடைதான். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் வயிறு சுத்தமாவதற்காகப் புகட்டிய அந்த எண்ணெயை என் அப்பா தன் காரின் என்ஜினுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார், பந்தயக் கார் அதைத்தான் குடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பரம்பரையாகக் கரும்பு போடுகிற குடும்பத்தில் பிறந்த மனிதர், டிராக்டர் நிற்க வேண்டிய "ஷெட்டு"க்குள், பழைய கார் ஒன்றின் என்ஜினை வைத்து, கூரையும் கதவும் இல்லாமல் ஒரே ஒரு ஆள் உட்காரும்படி ஒரு தகர வண்டியைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். ஊர் சிரிக்காமல் இருக்குமா? எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொல்லும்போதே "ரேஸ்காரர் வூடு" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என் பின்னாலேயே "டுர்ர்ர்" என்று வாயால் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை, அந்தத் திமிர் எனக்கு அப்போதே இருந்தது.

சிரிக்காத ஒரே ஆள் அம்மா. கைக்குழந்தையான என் தம்பிக்கு ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி வெட்டி இழுத்தபோது, அம்மா வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். ஷெட்டுக்குள் என்ஜின் அலறிக்கொண்டிருந்தது. அம்மா கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது, அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நேராக மடுகரைக்கு, தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேசப் போன அப்பாவிடம் அவள் நீட்டி முழக்காமல் சொன்னாள்: "அந்த வண்டி வூட்ட வுட்டுப் போவட்டும். அப்பறம் வந்து கூப்புடு, வரேன்." என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நான் அழுததற்கு, "ஒங்கப்பனுக்கு ஒரு வாய் சோறு வடிச்சிப் போட ஆள் வேணாமா? நீ இருடி" என்றுவிட்டாள்.

நான் இருந்தேன். பத்து வயதுப் பெண் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக்குள் ஆள் சத்தமே இருக்காது. தம்பியின் தூளி கட்டியிருந்த கொக்கி உத்திரத்தில் சும்மா தொங்கும். சோறு குழைந்துபோனாலும் வேகாமல் போனாலும் அப்பா தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். திட்டவாவது மாட்டாரா என்று இருக்கும். சில நாள் நானே இரண்டு குரலில் பேசி, அம்மா மாதிரி என்னைத் திட்டிக்கொள்வேன். அவ்வளவு ஏக்கம் எனக்கு, இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா கெட்டவர் இல்லை. ஒரேயொரு தடவை பந்தயத்தில் ஓட்டிவிட்டு அங்கேயே வண்டியைக் கொடுத்துவிடுவதாக என் தலையில் கைவைத்துச் சொன்னார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். வண்டி சேதாரமில்லாமல் அங்கே வந்து சேர்ந்தால் எடுத்துக்கொள்வதாக மெட்ராஸ்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு வேறென்ன வேண்டும்? வண்டி பத்திரமாகப் போனால் அம்மா வருவாள். சாமி கும்பிடும்போது நான் கேட்டுக்கொண்டதெல்லாம் அந்தக் காருக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதுதான்.

கார் தானாக ரோட்டில் ஓடி சோழவரம் போக முடியாது, அதற்கு விளக்கு கிடையாது, நம்பர் கிடையாது, மண் ரோட்டில் அடிவயிறு இடிக்கும். ஆகையால் டிராக்டரின் பின்னால் கரும்பு ஏற்றுகிற டிரெய்லரில், எங்கள் பக்கத்தில் நாங்கள் "பொட்டி" என்று சொல்வதில், ஏற்றிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. ஊரிலேயே வேகமான வண்டியை ஊரிலேயே மெதுவான வண்டி இழுத்துப்போவதைக் கண்டு சிரிக்க இன்னொரு தடவை ஊர் கூடியது. பலகை சாய்த்து உள்ளே தள்ளியதும், எங்கள் டிராக்டர் டிரைவர் ஏகாம்பரம் கயிற்றைக் கையில் எடுத்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றிக் கட்டுவதில் அவரைப் போல ஆள் கிடையாது. பாரத்துக்கு மேலே கயிற்றைக் குறுக்கே போட்டு, நடுவில் குச்சியைச் செருகி முறுக்கினாரென்றால் கரும்பு மூச்சுவிடாது. காரையும் அப்படியே கட்டினார். முறுக்க முறுக்க கார் உட்கார்ந்துகொண்டே போயிற்று. நாலு பேர் ஏறிப் பிடித்து உலுக்கியும் அசையவில்லை. "இன்னாண்ணா, கல்லு மாரி நிக்கிதா?" என்று ஏகாம்பரம் கேட்க, அப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

விடிகாலையில் அவர்கள் கிளம்பியதும் நான் வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டு, தம்பியின் தூளித்துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே டிராக்டர் சத்தம் கேட்டது. அவ்வளவு சீக்கிரம் திரும்பும் சத்தத்தில் நல்லது எதுவும் இருக்காது என்று எனக்கே தெரிந்துவிட்டது. பெட்டியின் பின்கதவு பிளந்து, காரின் பின்சக்கரம் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வில்லியனூர் தாண்டுவதற்குள், ஒவ்வொரு பள்ளத்திலும் கார் தன் ஸ்பிரிங்கில் இன்னும் கொஞ்சம் கீழே போக, அந்த நொடியில் கயிறு தொளதொளவென்று ஆகி, குச்சி தானாகத் திருகு பிரிந்து, வண்டி பின்னாலேயே நழுவியிருக்கிறது. கரும்புக்கு ஸ்பிரிங் கிடையாது என்பது அந்த இருவருக்கும் தோன்றவே இல்லை. அப்பா தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ஏகாம்பரமோ, "இன்னும் நாலு சுத்து சேத்துப் போட்டா நின்னுடும்ணா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தயத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அடுத்த வருடம் வரைக்கும் இந்தக் கார் எங்கள் வீட்டில் நிற்கப்போகிறது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மடுகரைக்குப் போனேன். வண்டி திரும்பி வந்துவிட்டது என்று அம்மாவிடம் தேம்பினேன். அவள் தம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள், அடுத்த பஸ்ஸில் என்னோடு வந்துவிட்டாள்.

வாசலில் நின்ற அப்பாவை அவள் கடந்து போனாள். நேராக ஷெட்டுக்குப் போய்க் காரின் மூக்கை ஒரு கையால் அழுத்தினாள். அது கீழே போய் மேலே வந்தது. திரும்பவும் அழுத்தி, குனிந்து அடியில் பார்த்தாள். "ஆடற எடத்துல கட்டினா எப்பிடி நிக்கும்? இது மேலதான ஆடுது, கீழ சக்கரத்தக் கோத்துக்கினு இருக்கற கம்பி ஆடலியே. அதுலே கட்டு" என்றாள், ஏகாம்பரத்தைப் பார்த்து. ஏகாம்பரமும் குனிந்து அடியில் பார்த்தார்.

அடிபட்ட இடங்களை அப்பா சரிசெய்து முடித்த மறுநாள் காலையில் காரை ஏற்றினோம். டிராக்டர் பக்கமாகப் பாரம் இருக்கட்டும் என்று முன்னே தள்ளி நிறுத்தினோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துப் பலகையோடு ஆணியடித்தார் ஏகாம்பரம். அப்பா காரின் அடியில் மல்லாந்து படுத்து இரண்டு அச்சுக் கம்பிகளின் நாலு முனையிலும் கயிறு கோக்க, அம்மா பெட்டியின் நாலு மூலைக்கும் குறுக்கும் நெடுக்குமாக அதை இழுத்து, கயிறு இரும்பில் உரசும் இடத்தில் சாக்கைச் சுற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காலை உதைத்து இறுக்கினாள். "இன்னும் இழு" என்று அப்பா அடியிலிருந்து சொல்ல, "இழுத்துக்கினுதான் கீறேன், நீ கைய எடு மொதல்ல" என்று அம்மா சொல்ல, அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தம்பி ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சப்பிக்கொண்டிருந்தான். அவன் விழாமல் பிடித்துக்கொண்டு நான் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சின்ன வயதில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால், அந்தக் காலை வேளையைத்தான் சொல்வேன், வேறு யோசிக்க மாட்டேன்.

இந்தத் தடவை டிராக்டர் உடனே திரும்பவில்லை. சில நாள் கழித்து, பெட்டி காலியாகக் கடகடத்துக்கொண்டு வந்தது, ஏகாம்பரம் மட்டும் இருந்தார். கார் ஒரு கீறலில்லாமல் போய்ச் சேர்ந்ததாம். ஜெயிக்கவில்லை, ஆனால் கடைசிவரை ஓடியதாம். மெட்ராஸ்காரருக்குக் காரும் பிடித்துவிட்டது, அதைச் செய்த ஆளும் பிடித்துவிட்டது. "அவுரு பட்டறையில இன்னும் ரெண்டு வண்டி கீதாம் அண்ணி. பாத்துக் குடுத்துட்டு பத்து நாள்ல வரேன்னு சொல்லச் சொன்னாரு." அம்மா அவருக்குச் சோறு போட்டாள், தூளியைத் திரும்ப மாட்டினாள்.

அப்பா வந்தார். ஒரு மாதம் கழித்து இரண்டு நாள், பிறகு பொங்கலுக்கு, பிறகு பொங்கலுக்கு மட்டும். வேறு பெண், குடி, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை; இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் அங்கே சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான். வரும்போதெல்லாம் அம்மா புதுப்பாய் விரித்து, விருந்தாளிக்குக் கேட்பது போல "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவாள். வீட்டில் சத்தம் இருந்தது, தம்பி ஓடினான், சோறு பதமாக இருந்தது. நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது, ஒருவரைத் தவிர.

இன்றைக்கு அந்தக் கரும்பு நிலம் மனைகளாகிவிட்டது; ஷெட்டு இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் மாடி வீடு. சோழவரத்தில் பந்தயம் நின்று எவ்வளவோ காலமாயிற்று. அப்பாவும் மெட்ராஸிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா இப்போது வில்லியனூரில் என்னோடு இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், நினைவு பரவாயில்லை. போன வாரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஏண்டி, அன்னிக்கி வண்டிய நான் கட்டனனே, கட்டு அவுந்துதா இன்னா?" என்றாள். அவிழ்ந்து வண்டியும் அப்பாவும் அன்றைக்கும் திரும்பி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவள் எத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாளோ.

"இல்லம்மா, கடைசி வரைக்கும் அசையவே இல்ல" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கிட்டத்தில் போய் இன்னொரு தடவை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.