நான் பார்க்காத படங்கள்

கல்முனைக்குடியில் என் ஸ்டூடியோவின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பேருக்குப் படம் எடுக்கக் கற்பிக்கிறேன். எட்டுப்பேர் பெண்கள். எங்கள் கலியாண வீடுகளில் மணமகளின் அறைக்குள் அந்நிய ஆண் கமராவுடன் போவதில்லை. எடுத்த படமும் அந்நிய ஆணின் கண்ணில் படக் கூடாதென்று பல தாய்மார் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். ஆகவே மாப்பிள்ளை பக்கத்தை நான் எடுப்பேன். பெண் பக்கத்துக்கு மாணவி ஒருத்தி போவாள். மெமரி காட் அவள் கையில்தான் இருக்கும். படங்களைத் தெரிவுசெய்வதும் திருத்துவதும் அல்பமாக அடுக்குவதும் அவளே.

சென்ற ஆண்டு, சாய்ந்தமருதைச் சேர்ந்த இருபத்திரண்டு வயது மாணவி முதன்முறையாகத் தனியே ஒரு கலியாணத்தை எடுத்தாள். அவளுடைய வாப்பா அரைமனதோடுதான் விட்டிருந்தார். "ஒண்டு எடு, பாப்பம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லையாம்.

கலியாணம் வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, வகுப்புக்கு இருபது நிமிடம் முன்பாக, அவள் லப்டொப்பைத் திறக்காமல் மேசையில் வைத்தாள்.

"சேர், பொண்ணுட படம் பழுதாப் பெய்த்து."

"கமரா ஆடியிரிக்கா?"

"இல்ல. நெத்திச்சுட்டி பளிச்செண்டு தெரியிது. கண்ணு தெரியல்ல."

"எத்தின படம்?"

"பொண்ணு தனிய இருக்கிறது நாப்பத்தொண்டு. முப்பத்தாறு இப்படித்தான்."

லென்ஸை எவ்வளவு திறந்திருந்தாள் என்று கேட்டேன்.

"ஒண்டு தசம் எட்டு. வெளிச்சம் குறைஞ்ச அறையெண்டா முழுசாத் திறங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். வகுப்புக் குறிப்பேட்டிலும் அந்த வசனம் என் கையெழுத்தில் இருக்கிறது.

"எங்க நிண்டு எடுத்தீங்க?"

"கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவுல. கையை நீட்டினா பொண்ணுல முட்டும்."

எனக்கு விளங்கிவிட்டது. லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது அவ்வளவு கிட்ட நின்றால், ஒரு விரற்கடை ஆழம்தான் தெளிவாக விழும். மணமகள் தலை குனிந்திருப்பாள். நெற்றி முன்னுக்கு வரும், கண் பின்னுக்குப் போகும். கமரா மினுங்குகிற சுட்டியைப் பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் பத்தடி தள்ளி நின்று ஆண்களை எடுக்கிற எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. நான் ஒருநாளும் நின்றிராத அறைக்கு விதி சொல்லியிருக்கிறேன்.

அவள் லப்டொப்பைப் பாதி திறந்தாள். "ஒரு படம் மட்டும் பாருங்க சேர். பாத்தாத்தானே திருத்தலாமா எண்டு சொல்லேலும்."

ஒரு நொடி பார்த்தால் போதும், சொல்லிவிடுவேன். இருந்தாலும், "வேணாம், மூடுங்க. பொண்ணுட உம்மாக்கு வாக்குக் குடுத்தது நானும்தான்" என்றேன். அவளே பார்த்துச் சொல்லும்படி கேட்டேன்.

"இமை மயிர் வேறவேறயாத் தெரியிதா?"

"இல்ல. மை பூசினாப்போல ஒண்டாக் கிடக்கு."

அப்படியென்றால் திருத்த முடியாது. போய்ச் சொல்லத்தான் வேண்டும் என்றேன்.

"சொன்னா இனி ஆரும் என்னைக் கூப்பிடமாட்டாங்க. வாப்பாவும் விடமாட்டார்."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் பெண் வீட்டுக்குப் போனோம். நான் முன்னறையில் மணமகளின் தந்தையோடு இருந்தேன். அவள் உள்ளறைத் திரைக்கு அப்பால் போனாள். பிறகு தாயின் குரல் எழுந்தது.

"கண்ணில்லாம எடுத்திரிக்காய்? குருடியையா மாப்புளைக்கிக் குடுத்தம்?"

"மாமி, பிழை என்னில" என்றாள் மாணவி.

நான் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். "பிழை என்னில, ராத்தா. நான்தான் அப்படிப் படிப்பிச்ச."

"நீங்க உள்ளுக்க வந்து பாத்தா படிப்பிச்சீங்க?"

"அதுதான் ராத்தா பிழை."

பக்கத்திலிருந்த தந்தை, "இனி என்ன, கலியாணத்தையா திருப்பிச் செய்யிற?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அதற்கு உள்ளேயிருந்து மணமகளே பதில் சொன்னாள்.

"வாடகை உடுப்பு நாளைக்குத்தானே குடுக்கிற. இப்ப உடுத்து நிண்டாப் போச்சு."

"நகை? பெரியம்மாட மாலையெல்லாம் திரும்பிப் பெய்த்தே" என்றாள் தாய்.

"மாலை இல்லாட்டி முகத்தைப் பாப்பாங்க உம்மா."

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். தாயும் சிரித்திருக்க வேண்டும்; அடுத்த பேச்சு தேத்தண்ணி பற்றியதாக இருந்தது.

உடுத்தி முடிய ஐம்பது நிமிடம் ஆனது. திரைக்குப் பின்னாலிருந்து மாணவி கேட்டாள்.

"சேர், எத்தினையில போட?"

"அஞ்சு தசம் ஆறு" என்றேன். எண் கூடினால் லென்ஸ் சுருங்கும், தெளிவாக விழும் ஆழம் கூடும்.

"படம் இருட்டாகுது. இந்த யன்னலைத் திறக்கேலாது, ரோட்டுக்குத் தெரியும்."

வேறு இரண்டு வழிகளைச் சொன்னேன்: ஃபிளாஷைச் சுவரில் பட்டுத் திரும்பவிடுவது, கமராவின் ஒளியுணர்வைக் கூட்டுவது. முதலாவதுக்குச் சுவரின் கடும் நிறம் இடம் கொடுக்கவில்லை. மற்றதை அவள் ஏற்கெனவே செய்துபார்த்துவிட்டாள். மூன்றாவதை நான் யோசிக்கும்போதே அவள் சொன்னாள்.

"நான் நாலுல எடுக்கிறன் சேர். அலுமாரியை ஓரமாத் தள்ளச் சொல்லி ரெண்டடி பின்னுக்கு வந்திட்டன். பொண்ணையும் தலையை நிமித்தச் சொன்ன."

தேத்தண்ணியைக் குடித்தேன்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் தாய் திரைக்குப் பின்னால் வந்து நின்று பேசினாள். "இப்ப கண்ணு தெரியிது, சேர். பழசையும் அழிச்சிடாம தரச்சொல்லுங்க. சுட்டி வடிவா இரிக்கி."

வாப்பாவிடம் என்ன சொல்வாள் என்று திரும்பும் வழியில் மாணவியிடம் கேட்டேன். நடந்ததை அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னாள். அப்படியே சொன்னாள்; அவர் இரண்டு வாரம் யோசித்தார். அதற்குள் மணமகளின் சாச்சி, தாயின் தங்கை, தன் மகளின் கலியாணத்துக்கு அவளைக் கேட்டு நேரே அவர் வீட்டுக்கே போய்விட்டாள்; அவரும் சரியென்றார். அந்தக் கலியாணத்துக்கு முதல் நாள் அவள் போய் அறையை அளந்துவிட்டு வந்தாள். அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்: ஒன்பதடிக்கு எட்டடி, ஒரு யன்னல், கட்டில் சுவரோடு. லென்ஸ் பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.